மண் நீங்கிய வேர்: பால்மர இலை கற்பித்த பாடம்

குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. நிலத்தோடு நீரைச் சேர்த்து வைப்பவரே இவ்வுலகில் உயிர்களை வாழச் செய்பவர் என்பது அதன் கருத்து. உணவு வேண்டுமாயின் நிலமும் வேண்டும், நீரும் வேண்டும். இதனை ஐயுற்றவர் நெடுங்காலம் எவருமிலர்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. நிலமும் நீரும் கூடிப் பயிரை வளர்க்கின்றன என்றால், அவற்றுள் நிலத்தின் பங்கு யாது? நீரின் பங்கு யாது? இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்கள் ஒரு வழியைக் கண்டனர். நிலத்தை விலக்கிவிட்டு, செடி என்னவாகிறது என்று பார்ப்பதே அவ்வழி. மண்ணில்லாப் பயிர் வளர்ப்பு இவ்வாறே தோன்றியது. இன்று அது மாடிவீட்டில் கீரை வளர்க்கும் புதுமையாகப் பேசப்படுகிறது. ஆனால் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அது முதலில் ஆற்றிய பெரும்பணி கீரை வளர்ப்பன்று. ரப்பர் மரத்தின் இலையைப் படிக்கக் கற்றுக் கொடுத்ததே ஆகும். பால்மரத்தோடு வாழ்ந்த தமிழர் வரலாற்றில் இதற்கும் ஓரிடம் உண்டு.

சாடியில் நின்ற செடி

பெல்ஜிய நாட்டு வான் ஹெல்மாண்ட் என்பவர் 200 இராத்தல் உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியிலிட்டு, அதில் 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். மழைநீரன்றி வேறெதுவும் இடவில்லை. 5 ஆண்டுகள் கழித்து மரத்தை எடுத்து நிறுத்தபோது அது 169 இராத்தலுக்குச் சற்று மேல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு. மரம் முழுவதும் நீரினாலேயே ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்தபின், 1648ஆம் ஆண்டில் இச்செய்தி நூலாக வெளிவந்தது.

அம்முடிவு பிழையானது. மரத்தின் உடலிற் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமிலவாயுவிலிருந்து வந்தது என்பதை அவர் அறியார். ஆயினும் அவருடைய எடைக்கணக்கு பிழையன்று. மண்ணிற் குறைந்த அந்த 2 அவுன்சை அவர் பொருட்படுத்தவில்லை. பிற்கால ஆராய்ச்சி முழுவதும் அந்தச் சிறு குறைவைப் பற்றியதே எனலாம்.

1699ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட் புதினாச் செடிகளை மழைநீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், தோட்டமண் கலந்த நீரிலும் வளர்த்துப் பார்த்தார். தூய நீரில் நின்ற செடி மெலிந்தது; மண் கலந்த நீரில் நின்றது தழைத்தது. ஆகவே நீர் மட்டும் உணவன்று, நீர் சுமந்து வரும் ஏதோ ஒன்றே உணவு என்பது புலனாயிற்று. அது யாது என்பதை 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியராகிய சாக்ஸ், நாப் என்னும் இருவரும் வெளிப்படுத்தினர். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட் ஆகிய உப்புக்களோடு சிறிது இரும்பும் கரைந்த நீரில், மண்ணே இல்லாமல் செடிகளை வளர்த்துக் காட்டினர்.

இதனால் விளைந்த பெரும்பயன் ஒன்று உண்டு. கரைசலில் ஓர் உப்பை மட்டும் நீக்கிவிட்டால், அவ்வுப்பு இல்லாத செடி எவ்வாறு நோயுறும் என்பதைக் கண்ணாற் காணலாம். மண்ணில் இதைச் செய்ய இயலாது. மண் என்பது நூறு பொருள்களின் கலவை. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது அரிது. ஆதலின் மண்ணில்லா வளர்ப்பு உழவனுக்கு முன்னரே ஆராய்ச்சியாளனுக்குக் கருவியாயிற்று.

நீருழைப்பு என்னும் பெயர்

இம்முறையை ஆய்வறையிலிருந்து வயலுக்குக் கொணர முனைந்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து வில்லியம் கெரிக். 1929ஆம் ஆண்டு முதல் அவர் பெருந்தொட்டிகளில் தக்காளியை ஆளுயரத்துக்கும் மேலாக வளர்த்துக் காட்டினார். முதலில் அவர் இட்ட பெயர் மீன் வளர்ப்புக்கு முன்பே வழங்கி வந்ததால், 1937ஆம் ஆண்டில் ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் சொல்லை வழங்கினார். கிரேக்க மொழியில் ஹைட்ரோ என்பது நீர். போனோஸ் என்பது உழைப்பு. ஆகவே தமிழில் அதனை நீருழைப்பு எனலாம். உழவுக்கு அம்மொழியில் வழங்கிய பழம்பெயர் நிலவுழைப்பு எனப் பொருள்படும். நிலம் போய் நீர் வந்தது. உழைப்பு என்னும் பாதி மட்டும் பெயரில் மாறாமல் நின்றது. இஃது எண்ணத்தக்கது.

கெரிக் எழுப்பிய பரபரப்பை அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாந்தும் ஆர்னனும் அடக்கிப் பேசினர். வளமான மண்ணில் நன்கு பேணப்பட்ட பயிரைவிடக் கரைசலில் வளரும் பயிர் மிகுதியாக விளைந்துவிடாது என்று 1938ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். எனினும் அவர்கள் வகுத்துக் கொடுத்த கரைசல் உலகெங்கும் இன்றளவும் வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர், மண்வளமில்லாத அசென்ஷன் தீவில் சரளைக்கல் தொட்டிகளில் காய்கறி விளைத்து உண்டனர்.

இந்தியாவிலும் இம்முயற்சி நடந்தது. 1946ஆம் ஆண்டை ஒட்டி டார்ஜிலிங் மாவட்டத்துக் கலிம்போங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் வங்க அரசின் ஆய்வுப் பண்ணையில் எளிய முறையொன்றை வகுத்தார். வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டி அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. விலையுயர்ந்த இறைப்புப் பொறிகளை அவர் நாடவில்லை. கல்தூளும் மணலும் நிரப்பிய தொட்டியில் உலர்ந்த உப்புக்கலவையைத் தூவி நீர் தெளிப்பதே அவர் முறை. 1951ஆம் ஆண்டில் அது வங்க முறை என்னும் பெயரோடு நூலாயிற்று. ஏழைக்கும் எட்ட வேண்டும் என்ற நோக்கம் மண்ணில்லா வேளாண்மை வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மண்

இனிக் கோலாலம்பூருக்கு வருவோம். 1881ஆம் ஆண்டில் நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து அந்நகரை அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகளை விடுத்துச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற நிலை பிறந்தது. களிமண் வெட்டிச் செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் அங்கே இரயில்வேப் பணிமனையும் குடியிருப்புகளும் எழுந்தன. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியேறினர். நகரின் சுவர்கள் எழும்பத் தன் மண்ணைக் கொடுத்த ஊர் அது.

நகருக்கு வெளியே, கிள்ளான் முதல் உலு சிலாங்கூர் வரை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. 1901ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தின் வழியே, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தின் வழியே, ரப்பர் கப்பலேறியது. காட்டை அழித்து நட்டவரும், களை பறித்தவரும், பால் வெட்டியவரும் பெரும்பாலும் தமிழரே. கடலோரத்தில் களிமண்ணும் கரிமண்ணும் உண்டு. உள்நாட்டு மேட்டு நிலங்களிலோ பன்னெடுங்கால மழையில் உப்புக்கள் கரைந்தோடிய செம்மண்ணே மிகுதி. முதல் நடவு காட்டின் சேமிப்பை உண்டு வளர்ந்தது. மறுநடவுக்கு அச்சேமிப்பு இல்லை. 1952ஆம் ஆண்டில் மறுநடவு நிதிச் சட்டம் வந்து பழைய மரங்கள் வீழ்ந்து புதுக்கன்றுகள் எழுந்தபோது, மஞ்சளித்த இலைகள் ஒரு பெருங்கேள்வியாயின. எந்த உரம் குறைவு? எவ்வளவு இட வேண்டும்?

மணற்சாடியில் பால்மரக் கன்று

இக்கேள்விக்கு விடை தேடிய இடம் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அக்கழகத்தின் ஆய்வகம் அம்பாங் சாலையிலும், பரந்த ஆய்வுத் தோட்டம் சுங்கை பூலோவிலும் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய போல்-ஜோன்ஸ், சாக்ஸும் நாப்பும் கண்ட வழியைப் பால்மரத்துக்குப் பொருத்தினார். 1954ஆம் ஆண்டு முதல் கழகத்தின் ஆய்விதழில் அவருடைய கட்டுரைகள் தொடர்ந்து வெளிவந்தன.

அம்முறை காண்பதற்கு எளிது; செய்வதற்கு அரிது. மணல் வேரைத் தாங்குவதற்கு மட்டுமே. அதிலிருந்து உணவு எதுவும் கன்றுக்குச் செல்லுதல் கூடாது. ஆகவே மணலைப் பன்முறை கழுவித் தூய்மை செய்தல் வேண்டும். நீரிலும் உப்புக்கள் நீக்கப்படல் வேண்டும். ரப்பர் விதை பெரியது. தாய்மரம் கொடுத்த உணவு அதில் நிறைந்திருக்கும். அது தீரும்வரை கன்று குறையைக் காட்டாது. பின்னர் ஒரு வரிசைக் கன்றுகளுக்கு எல்லா உப்புக்களும் கொண்ட கரைசல். அடுத்த வரிசைக்கு நைட்ரஜன் இல்லாத கரைசல். அதற்கடுத்ததற்கு மக்னீசியம் இல்லாதது. இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கி, இலை சொல்வதைக் குறித்துக் கொண்டனர்.

இலை தெளிவாகவே சொல்லிற்று. நைட்ரஜன் குறைந்தால் இலை சிறுத்து வெளிறும். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். நரம்பை ஒட்டிய பசுமை மீன்முள் போல எஞ்சி நிற்கும். பொட்டாசியம் குறைந்தால் இலையின் நுனியிலும் விளிம்பிலும் மஞ்சள் படர்ந்து பின்னர்க் கருகும். இரும்பு குறைந்தால் இளந்தளிர் வெளுக்கும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. மக்னீசியமும் பொட்டாசியமும் செடிக்குள் இடம்பெயர வல்லவை. பற்றாக்குறை வந்தபோது மரம் முதிய இலையிலிருந்து அவற்றை எடுத்துத் தளிருக்குக் கொடுக்கிறது; ஆகையால் முதியதே வாடும். இரும்போ இடம்பெயராது, ஆகையால் தளிரே வாடும். குடும்பத்தில் பஞ்சம் வந்தபோது தன் வாய்ச்சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டும் முதியோரை இது நினைவூட்டுகிறது அன்றோ?

ஓர் உப்பு மற்றொன்றைத் தடுக்கும் இயல்பும் இவ்வாய்வுகளால் தெளிவாயிற்று. பொட்டாசியத்தை மிகுதியாக இட்டால் மக்னீசியக் குறை தோன்றக்கூடும். அதற்காக மக்னீசியத்தை அளவின்றி இட்டாலும் தீங்கே. பாலில் அது மிகுந்தால் பால் உரிய நேரத்துக்கு முன்னரே உறையும். வெட்டிய காயத்திலேயே உறைந்து ஒழுகு குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும் முறை பல தோட்டங்களில் இருந்தது. ஆகவே மணற்சாடியில் கண்ட உண்மை ஆய்விதழோடு நின்றதன்று; பால்வாளியின் எடையையும் தொட்டது.

1964ஆம் ஆண்டில் ஷோராக்ஸ் என்பவர் பால்மரத்திலும் அதனோடு வளரும் மூடுபயிர்களிலும் தோன்றும் குறைகளை வண்ணப்படங்களோடு நூலாக்கினார். கோலாலம்பூரில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே அதனை வெளியிட்டது. இலையைப் பறித்து ஆய்ந்து உரம் பரிந்துரைக்கும் வழக்கமும் தோட்டங்களில் வேரூன்றியது.

அறிவு இறங்கிய வழி

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. இலையை நாள்தோறும் கண்டவர் யார்? விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்து, மரத்துக்கு மரம் நடந்தவர் பால்வெட்டும் தொழிலாளரே. எந்த நிரையில் இலை மஞ்சளித்தது, எந்த மேட்டில் பால் சுருங்கிற்று என்பதை அவர் அறிவார். ஆனால் கழகத்தின் ஆய்விதழும் தோட்டக்காரர்களுக்கான மடலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அறிவு ஆய்வறையிலிருந்து துரைக்கும், துரையிடமிருந்து கிராணிக்கும் கங்காணிக்கும் இறங்கி, கடைசியில் உர வாளியைச் சுமக்கும் பெண்ணிடம் ஒரு கட்டளையாக மட்டுமே வந்து சேர்ந்தது: இந்த நிரைக்கு இத்தனை பிடி. ஏன் என்பது வழியிலேயே நின்றுவிட்டது.

இதனால் ஆராய்ச்சியாளரின் பெருமை குறையாது. அவர்கள் கண்டது மெய். ஆனால் உழைப்பு என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே சுமந்த ஒரு கலை, உழைத்தவருக்குத் தன் காரணத்தைச் சொல்லாமற் போயிற்று என்பதும் மெய்யே.

திவலையில் தொங்கும் வேர்

நீரும் மணலும் இன்றிக் காற்றிலேயே வேரைத் தொங்கவிட்டு, உப்புக் கரைந்த நீரை மென்திவலையாகத் தெளிக்கும் முறையும் ஆராய்ச்சிக் கருவியாகவே பிறந்தது. 1911ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் ஆர்த்சிகோவ்ஸ்கி இதனைப் பற்றி எழுதினார். 1942ஆம் ஆண்டில் கார்ட்டர் என்பவரும், 1944ஆம் ஆண்டில் கிளாட்ஸ் என்பவரும் வேரை அழியாமற் கண்டு ஆராய இதனையே கையாண்டனர். மண்ணில் வேரைக் காண வேண்டுமாயின் பிடுங்க வேண்டும். திவலையில் அது எப்போதும் கண்முன் நிற்கும். 1957ஆம் ஆண்டில் வென்ட் என்பவர் இதற்கு ஏரோபோனிக்ஸ் என்று பெயரிட்டார். வளியுழைப்பு என்பது அதன் பொருள்.

வெப்ப நாட்டுக்கு இம்முறை ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வேரும் மூச்சு விடும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமே கரையும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பகல் வெப்பத்தில் தேங்கிய கரைசலில் நிற்கும் வேர் மூச்சுத் திணறி அழுகுவது இதனாலேயே. காற்றில் தொங்கும் வேருக்கு அக்குறை இல்லை. 1990களில் சிங்கப்பூரில் பேராசிரியர் லீ சிங் கோங்கும் உடனாய்ந்தோரும் மேலும் ஒரு படி சென்றனர். குளிர்ந்த கரைசலை வேர்மீது மட்டும் தெளித்தால், தலை வெயிலில் இருப்பினும் குளிர்நாட்டு லெட்டூஸ் கீரை சமவெளியிலேயே வளரும் என்று காட்டினர். கேமரன் மலைக்கு ஏறாமலே மலைக்கீரையைப் பெறும் வழி அது.

மலேசியாவில் பெருவழக்காயிற்று இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முறையே. மழைக்காப்புக் கூரையின்கீழ்ப் பைகளில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, சொட்டுக் குழாய் வழியே உரக்கரைசலை விடுவர். மிளகாயும் முலாம்பழமும் தக்காளியும் இவ்வாறு விளைகின்றன. செர்டாங்கில் தலைமையகம் கொண்ட மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதனைப் பரப்பியது. இதில் உரம் இரண்டு கலங்களில் வைக்கப்படும். கால்சியம் உப்பு ஒன்றில். பாஸ்பேட்டும் சல்பேட்டும் மற்றொன்றில். செறிந்த நிலையில் ஒன்றாகக் கலந்தால் அவை கரையாத வெண்தூளாகி அடியில் படியும். குழாய் அடைபடும், செடி பட்டினி கிடக்கும்.

வள்ளுவர் வகுத்த ஐந்து

உழவதிகாரத்தில் வள்ளுவர் உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்பாய்ச்சல், காத்தல் என்னும் ஐந்தையும் ஒரே குறளில் அடக்கி, ஏரினும் எருவையும் நீரினும் காப்பையும் உயர்த்திக் கூறினார். மண்ணில்லா முறையை இவ்வைந்தோடு ஒப்பிட்டுக் காணலாம். உழுதல் இங்கே இல்லை. களைகட்டலும் இல்லை. எருவும் நீரும் ஒன்றாகிவிட்டன. காத்தலோ முன்னினும் பன்மடங்காயிற்று.

மண் ஒரு சேமக்கலம். ஒருநாள் நீர் விடத் தவறினும் அது செடியைத் தாங்கும். உப்பு சற்று மிகுந்தாலும் தன்னிடம் பிடித்து வைத்துக் கொள்ளும். திவலையில் தொங்கும் வேருக்கு அத்தகைய துணை இல்லை. மின்சாரம் நின்றால், அல்லது தெளிப்பு முனையின் சிறு துளை உப்பால் அடைபட்டால், சில மணி நேரத்துக்குள் வேர் உலரும். மண்ணை விலக்கிய பின்னரே மண் இதுகாறும் ஊதியமின்றிச் செய்து வந்த காவற்பணி எத்துணைப் பெரிது என்பது விளங்குகிறது. மண்ணில்லா வேளாண்மை மண்ணுக்குப் பகையன்று. மண்ணின் அருமைக்கு அதுவே சான்று.

எஞ்சி நிற்பது

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1998ஆம் ஆண்டில் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. சுங்கை பூலோ ஆய்வுத் தோட்டத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா என்னும் புதுநகரமாக உருமாறி வருகிறது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பெயரோடு இரயில் நிலையமும் திறக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. லயன் வீட்டின் பின்புறத்தில் முருங்கையும் வெண்டையும் பசலையும் வளர்த்த குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு ஏறின. அங்கே மண் இல்லை. தோட்டத்தை விட்டு நகருக்குப் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகளுள் சிலவற்றுக்கு விளையாடவும் இடம் குறுகியது.

மண்ணை இழந்தவருக்கு மண்ணில்லாப் பயிர் ஈடாகுமா? ஆகாது. ஒரு தொட்டிக் கீரை ஒரு தோட்டத்து வாழ்வை மீட்டுத் தராது. ஆனால் அன்று வழியில் நின்றுவிட்ட அந்த ‘ஏன்’ என்னும் சொல்லை அது மீட்டுத் தரும். ஆசிரியர் ஒருவர் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தம் வகுப்பறைச் சன்னலில் இரண்டு கண்ணாடிச் சாடிகளை வைத்தாற் போதும். இரண்டிலும் ஒத்த வயதுடைய கீரை நாற்று. ஒன்றில் நிறைந்த கரைசல், மற்றொன்றில் மக்னீசியம் நீங்கிய கரைசல். வேரின்மேல் வெளிச்சம் பட்டுப் பாசி பிடியாதபடி சாடிகளைக் கருந்தாளால் மூட வேண்டும். கரைசலுக்குள் அவ்வப்போது காற்று ஊதிவிட வேண்டும். சில வாரங்களில், 1950களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் மணற்சாடி சொன்னதையே அந்த இலையும் சொல்லும்.

உர வாளியைச் சுமந்த பாட்டிக்கு ஒருவரும் சொல்லாத காரணத்தை அவள் பேரப்பிள்ளை அப்போது தமிழிலேயே படிக்கும்.